செட்டிங்ஸ் பக்கத்துக்கும் ஒரு பதிவேடு வேண்டும்

(நமது சங்கத்தின் காலாண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே வெளியிடப்படுகிறது.)



நம் மெயின்டனன்ஸ் ஆப்பின் செட்டிங்ஸ் பக்கத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசச் சொன்னார் செயலாளர். "நான் பி.காம். படித்த பேங்க் கிளார்க். நம் வளாகத்திலேயே கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் ஐம்பது பேர் இருக்கிறார்களே, அவர்களைக் கேளுங்களேன்" என்றேன். "கம்ப்யூட்டர் விஷயமாக ஆரம்பித்தது, கணக்கு விஷயமாக வந்து நிற்கிறது. அதனால்தான் உங்களைக் கேட்கிறேன்" என்றார். சி பிளாக்கில் இருக்கும், எனக்கு மகள் வயதுள்ள ஒரு மென்பொருள் பொறியாளரும் நானும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அந்தப் பக்கத்தை வரி வரியாகப் பார்த்தோம். கணினி சம்பந்தமாக நான் சொல்வதில் சரியானவை எல்லாம் அவர் சொல்லிக் கொடுத்தவை.

நடந்தது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜூலை மாத பில்லில் 43 வீடுகளுக்கு 200 ரூபாய் தாமதக் கட்டணம் விழுந்தது. மொத்தம் 8,600 ரூபாய். அந்த 43 பேரும் 15-ஆம் தேதிக்குள் பணம் கட்டியவர்கள். எத்தனையோ வருடமாக 15-ஆம் தேதிதான் கடைசி நாள். ஆனால் ஆப்பின் செட்டிங்ஸ் பக்கத்தில் அந்த 15 என்ற எண் 5 என்று மாறியிருந்தது. மென்பொருள் தன் வேலையைச் சரியாகவே செய்தது. அதற்குக் கொடுத்த எண்தான் தப்பு.

பணம் திரும்பக் கொடுத்தாகிவிட்டது. ஆனால் அந்த மூன்று நாளில் வாட்ஸ்அப் குரூப்பில் வந்த வார்த்தைகளைத் திரும்ப எடுக்க முடியாது. யார் மாற்றினார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. நான்கு பேருக்கு ஒரே அட்மின் லாகின், ஒரே பாஸ்வேர்டு. பணம் சம்பந்தப்பட்டது என்பதால் எல்லார் கண்ணும் பொருளாளர் பக்கம் திரும்பியது. மூன்று வருடமாக ஒரு பைசா வாங்காமல் நமக்குக் கணக்கு எழுதுகிற மனிதர். "நான் மாற்றவில்லை" என்று சொல்ல அவருக்கு வாய் இருந்தது. நிரூபிக்க ஒரு காகிதம்கூட இல்லை.

எண் எங்கே இருக்கிறது?

செட்டிங்ஸ் என்றால் என்ன என்று சிலர் கேட்டீர்கள். பேங்க் உதாரணமே சொல்கிறேன், எனக்கு அதுதான் வரும்.

சேமிப்புக் கணக்குக்கு வட்டி போடுவதில் இரண்டு சமாசாரம் உண்டு. ஒன்று, கணக்கிடும் முறை. இன்னொன்று, வட்டி விகிதம். ஒரு காலத்தில் மாதத்தின் 10-ஆம் தேதியிலிருந்து கடைசி நாள் வரை கணக்கில் இருந்த குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி. 2010 ஏப்ரல் 1 முதல் தினசரி இருப்புக்கு வட்டி என்று ரிசர்வ் வங்கி மாற்றியது. அது முறையில் வந்த மாற்றம். மென்பொருளையே திருத்தி எழுத வேண்டும். அடுத்த ஆண்டு, 2011 மே 3 அன்று, விகிதம் 3.5 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக உயர்ந்தது. அதற்கு மென்பொருளைத் தொட வேண்டியதில்லை. எண்ணை மாற்றினால் போதும்.

நம் ஆப்பிலும் அப்படித்தான். சதுர அடியை விகிதத்தால் பெருக்கு என்பது மென்பொருளுக்குள் எழுதப்பட்டிருக்கிறது. சதுர அடிக்கு 3 ரூபாய் 75 பைசா என்பது செட்டிங். அந்த எண்ணையும் மென்பொருளுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தால், ஒவ்வொரு முறையும் ஆப் கம்பெனிக்கு மெயில் போட்டுக் காத்திருக்க வேண்டும். ஆகவே அவர்கள் அதை வெளியே ஓர் அட்டவணையில் வைத்து, நமக்கு ஒரு திரையைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். எண்ணை மாற்றி 'சேவ்' அழுத்தினால், ஆப் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றம் அமலுக்கு வந்துவிடும். யாரையும் கேட்க வேண்டாம், எதையும் நிறுத்த வேண்டாம்.

வசதி அதுதான், ஆபத்தும் அதுதான். மென்பொருளைத் திருத்தினால் நாலு பேர் சோதித்துப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். செட்டிங்கை மாற்றினால் நடுவில் யாரும் இல்லை. ஒரு விரல் அழுத்தினால் 186 வீட்டு பில்லும் மாறும். இந்தப் பொதுக்குழுவில் இரண்டு மணி நேரம் விவாதித்துத் தீர்மானம் போட்டு நாம் எடுக்கிற முடிவும், யாரோ ஒருவர் ராத்திரி பதினோரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் தட்டுகிற எண்ணும் அந்தத் திரைக்கு ஒன்றுதான். நான் சொல்ல வந்த விஷயம் இதுதான்: செட்டிங்ஸ் பக்கத்தில் செய்யும் மாற்றம் ஒரு கணக்குப் பதிவு. வவுச்சர் போல அதை நடத்த வேண்டும்.

பெட்டிக்குப் பெயர் வேண்டும்

15 எப்படி 5 ஆனது? நாங்கள் தேடியதில் ஒன்று தெரிந்தது. ஜூன் மாதக் கமிட்டிக் கூட்டத்தில், கம்யூனிட்டி ஹால் பதிவை ரத்து செய்ய 15 நாள் முன்னறிவிப்பு என்பதை 5 நாளாகக் குறைக்க முடிவானது. மினிட்ஸ் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் ஆப்பில் ஹால் ரத்துக்கான எண் இன்றைக்கும் 15 என்றே இருக்கிறது! செட்டிங்ஸ் பக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு பெட்டிகள். இரண்டிலும் 15. இரண்டுக்கும் பெயர் வெறும் 'நாட்கள்'. ஹாலுக்குப் போக வேண்டிய 5, பில்லுக்குப் போய்விட்டது என்பதுதான் எங்களுக்குத் தோன்றும் விளக்கம்.

ஆகவே இதில் கள்ளத்தனம் எதுவும் இல்லை. நான்கு பேரும் ஹால் மாற்றத்தை இன்னொருவர் செய்திருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர் நல்ல எண்ணத்தில் செய்த வேலை. ஒரு வரி பதிவு இருந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். பதிவு இல்லாததால் இரண்டு ஞாயிறு போனது, ஒரு மனிதரின் மூன்று நாள் தூக்கமும் போனது.

ஆகவே முதல் வேலை, ஒவ்வொரு பெட்டிக்கும் முழுப் பெயர். 'மெயின்டனன்ஸ் கட்டக் கடைசித் தேதி', 'ஹால் ரத்து முன்னறிவிப்பு, நாட்களில்', 'தாமதக் கட்டணம், ரூபாயில்' என்று. எதற்கு, எந்த அளவில், எங்கே பயன்படுகிறது என்பது பெட்டிக்குப் பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும். பில் சம்பந்தப்பட்டவை ஒரு தொகுதி, ஹால் ஒரு தொகுதி, கேட் பாதுகாப்பு ஒரு தொகுதி என்று பிரித்து வைக்க வேண்டும். பெயரை மாற்றித் தர ஆப் கம்பெனி ஒப்புக்கொண்டிருக்கிறது. காசு கேட்கவில்லை.

பழைய எண்ணை அழிக்காதீர்கள்

இரண்டாவது, எந்தத் தேதியிலிருந்து என்பது. இது பேங்கில் எங்களுக்கு ரத்தத்தில் ஊறிய விஷயம்.

2011-இல் வட்டி உயர்ந்ததைச் சொன்னேன் அல்லவா? ஒருவர் கணக்கில் அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை ஒரு லட்சம் ரூபாய் அசையாமல் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மே 2 வரை 122 நாளுக்கு 3.5 சதவீதம், மே 3 முதல் 59 நாளுக்கு 4 சதவீதம். மொத்த வட்டி சுமார் 1,816 ரூபாய். பழைய விகிதத்தை அழித்துவிட்டு 4 சதவீதம் என்ற ஒரே எண்ணை வைத்து அரையாண்டு முழுவதற்கும் போட்டால் 1,984 ரூபாய் வரும். பேங்குக்கு 168 ரூபாய் நஷ்டம். விகிதம் குறைந்திருந்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டம். ஆகவே விகித அட்டவணையில் பழைய வரி அப்படியே இருக்கும். கீழே புதிய வரி சேரும், 'இந்தத் தேதி முதல்' என்ற குறிப்போடு.

வரி விகிதங்களும் அப்படித்தான். சேவை வரி 2015 ஜூன் 1 அன்று 14 சதவீதம் ஆனது. அதே ஆண்டு நவம்பர் 15 அன்று தூய்மை இந்தியா வரி அரை சதவீதம் சேர்ந்தது. 2016 ஜூன் 1 அன்று வேளாண் நல வரி அரை சதவீதம் சேர்ந்து 15 ஆனது. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. இரண்டு வருடம் ஒரு மாதத்துக்குள் நான்கு மாற்றம். ஒரே ஒரு பெட்டி வைத்துக்கொண்டு அழித்து அழித்து எழுதியவர்கள், பழைய பாக்கியை வசூல் செய்தபோது என்ன விகிதம் போடுவது என்று தெரியாமல் முழித்திருப்பார்கள்.

நம் ஆப்பில் இருப்பது அந்த ஒற்றைப் பெட்டிதான். சோதனைக்கென்று ஆப் கம்பெனி கொடுத்த தனி நகலில், சதுர அடி விகிதத்தை 4 ரூபாய் என்று மாற்றிவிட்டு மே மாத பில்லைத் திறந்தோம். 1,000 சதுர அடி வீட்டுக்கு 3,750 ரூபாய் காட்ட வேண்டிய பில், 4,000 என்று காட்டியது. கட்டி முடித்து ரசீதும் வாங்கிய பில்! ஏனென்றால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஆப் இன்றைய எண்ணை எடுத்துக் கணக்குப் போடுகிறது. வீட்டை விற்கும்போது 'பாக்கி இல்லை' சான்றிதழுக்காகப் பழைய பில்களைத் திறந்தால், 250 ரூபாய் பாக்கி என்று மாதா மாதம் நிற்கும்.

இதற்கு இரண்டு பரிகாரம். விகிதத்துக்குப் பக்கத்தில் 'அமலாகும் தேதி' என்ற பெட்டி வேண்டும். பில் போட்ட அன்றைக்கு இருந்த விகிதம் அந்த பில்லுக்குள்ளேயே பதிந்துவிட வேண்டும். கொடுத்த பில் கொடுத்ததுதான், பிறகு எது மாறினாலும் அது மாறக்கூடாது.

ஒருவர் எழுத, ஒருவர் பாஸ் செய்ய

மூன்றாவது, இரண்டு கை. பேங்கில் கிளார்க் பதிவு போடுவார், ஆபீஸர் பாஸ் செய்வார். கிளார்க் திருடன் என்பதற்காக இல்லை. எத்தனை கெட்டிக்காரருக்கும் மதியம் மூன்று மணிக்கு 69 என்பது 96 ஆகத் தெரியும். இரண்டாவது கண் அதற்காக. கம்ப்யூட்டர் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பதிந்தவர் ஒருவர், ஒப்புதல் தந்தவர் ஒருவர், இரண்டு பேருடைய அடையாளமும் பதிவில் இருக்கும். தான் போட்ட பதிவைத் தானே பாஸ் செய்ய முடியாது.

இதற்கு முதலில் ஒரே லாகினை நான்கு பேர் வைத்திருப்பதை நிறுத்த வேண்டும். நாலு பேருக்கு ஒரே கையெழுத்து என்றால், அது யாருடைய கையெழுத்தும் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனி லாகின். பொறுப்பிலிருந்து விலகும் அன்றே அவருடைய அனுமதியை நீக்கிவிட வேண்டும். நம் ஆப்பில் தனி லாகின் வசதி இன்றைக்கே இருக்கிறது, நாம்தான் பயன்படுத்தவில்லை. இரண்டு பேர் ஒப்புதல் என்ற வசதிக்குத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். அதைக் கமிட்டி பேசி முடிவு செய்யட்டும். அதுவரை என்ன செய்வது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

தப்பான எண்ணைப் பெட்டியே திருப்பி அனுப்ப வேண்டும்

நான்காவது, சரிபார்ப்பு. 2009 ஜனவரி 31, ஒரு சனிக்கிழமை. கூகுளில் என்ன தேடினாலும், வந்த எல்லா இணையதளங்களுக்குக் கீழும் 'இந்தத் தளம் உங்கள் கணினிக்குத் தீங்கு விளைவிக்கலாம்' என்ற எச்சரிக்கை வந்தது. உலகம் முழுவதும், சுமார் 40 நிமிடம். காரணம் என்ன தெரியுமா? தீங்கான தளங்களின் முகவரிகளை ஒரு பட்டியலில் வைத்திருந்தார்கள். அதைப் புதுப்பித்தபோது ஒரு வரியில் முகவரிக்குப் பதிலாக வெறும் ஒரு சாய்கோடு போய்விட்டது. எந்த இணைய முகவரியை எடுத்தாலும் அதில் சாய்கோடு இருக்குமே! அதனால் எல்லாத் தளமும் தீங்கானது என்று ஆகிவிட்டது. மனிதத் தவறு என்று கூகுள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. மென்பொருளில் ஒரு வரியும் மாறவில்லை. மாறியது அதற்குக் கொடுத்த பட்டியல்.

அவ்வளவு பெரிய கம்பெனிக்கே ஒரு சாய்கோடு போதும் என்றால், நமக்கு ஒரு புள்ளி போதும். 3.75 என்பதில் புள்ளியை இடம் மாற்றி 37.5 என்று தட்டினால் நம் ஆப் ஏற்றுக்கொள்கிறது. மைனஸ் 200 ரூபாய் தாமதக் கட்டணம் என்றாலும் ஏற்றுக்கொள்கிறது. தாமதமாகக் கட்டினால் சங்கம் உங்களுக்கு 200 ரூபாய் தரும், நல்ல திட்டம்தான்! ஒவ்வொரு பெட்டிக்கும் கீழ் எல்லை, மேல் எல்லை வேண்டும். விகிதம் 1 ரூபாய்க்கும் 10 ரூபாய்க்கும் நடுவில், கடைசித் தேதி 10-க்கும் 20-க்கும் நடுவில் என்று. இதில் கடைசித் தேதிக்கு மட்டும் எல்லை இருந்திருந்தாலே ஜூலை 5 உள்ளே வந்திருக்காது.

எல்லையைவிட எனக்குப் பிடித்தது மொத்தத்தைக் காட்டுவது. 'சேவ்' அழுத்துவதற்கு முன்னால், 'இப்போதைய மாத பில் மொத்தம் 6,97,500 ரூபாய், இந்த மாற்றத்துக்குப் பின் 69,75,000 ரூபாய், சம்மதமா?' என்று திரை கேட்டால், தூக்கக் கலக்கம் தானாகத் தெளிந்துவிடும். பேங்கில் சாயங்காலம் டே புக் மொத்தம் போட்டுப் பார்ப்பது இதற்குத்தான். தனித்தனியாகப் பார்க்கும்போது கண்ணில் படாத தப்பு மொத்தத்தில் பல்லைக் காட்டும்.

பெட்டி காலியாக விடப்பட்டால் என்ன ஆகும் என்பதும் முக்கியம். நம் ஆப் அதைச் சைபர் என்று எடுத்துக்கொள்கிறது. அப்படி இருக்கக்கூடாது. எண் இல்லை அல்லது எண் தப்பு என்றால், கடைசியாக இருந்த சரியான எண்ணை வைத்து ஓட்ட வேண்டும், நிர்வாகிக்குத் தகவல் அனுப்ப வேண்டும். தப்பான எண்ணைக் கண்டால் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசிக்காவிட்டால் மருந்தே நோயாகிவிடும். 2010 செப்டம்பர் 23 அன்று ஃபேஸ்புக் சுமார் இரண்டரை மணி நேரம் முடங்கியது. ஒரு செட்டிங்கின் மதிப்பை மாற்றினார்கள். அது செல்லாது என்று அவர்களுடைய கணினிகளே முடிவு செய்தன. சரிசெய்ய எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் தரவுக் கிடங்குக்கு ஓட, அது நெரிசலில் திணறிவிட்டது. கடைசியில் தளத்தையே நிறுத்தித்தான் மீட்டார்கள்.

மாற்றினாலும் உடனே தெரியாது

செயலாளர் 5-ஐ மறுபடி 15 ஆக்கிய பிறகும், சிலருடைய போனில் கொஞ்ச நேரம் 5 என்றே தெரிந்தது. 'இன்னும் மாற்றவில்லை, பொய் சொல்கிறார்கள்' என்று அதற்கும் ஒரு சண்டை. சி பிளாக் பொறியாளர் விளக்கினார். ஒவ்வொரு தடவையும் அட்டவணைக்குப் போய் எண்ணை எடுத்தால் ஆப் மெதுவாகிவிடும். அதனால் ஒரு நகலைக் கைக்கு அருகில் வைத்துக்கொள்ளும், சில நிமிடத்துக்கு ஒரு முறைதான் புதுப்பிக்கும்.

பேங்கில் வட்டி விகிதம் மாறினால் தலைமை அலுவலகச் சுற்றறிக்கை கோப்பில் ஏறிவிடும். ஆனால் ஹாலில் தொங்கும் வட்டி விகிதப் பலகையை யாராவது ஏணி போட்டு மாற்றும்வரை பழைய எண்தான் தொங்கும். பலகையைப் பார்த்து வந்தவர் கவுன்டரில் சண்டை போடுவார். அதே கதைதான். மாற்றம் செய்தவர் கொஞ்சம் பொறுத்து, ஒரு மாதிரி பில்லைத் திறந்து, புதிய எண் வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.

எவை அந்தப் பக்கத்தில் இருக்கக்கூடாது?

எல்லாவற்றையும் செட்டிங் ஆக்கிவிடக் கூடாது. நம் பணம் எந்த வங்கிக் கணக்குக்குப் போகிறது என்ற கணக்கு எண் இன்று அதே பக்கத்தில், திருத்தக்கூடிய பெட்டியாக இருக்கிறது. பாஸ்வேர்டு ஒருவர் கையிலிருந்து நழுவினால், ஒரு மாத வசூல் ஏழு லட்சம் ரூபாய் வேறு யாருக்கோ போகும். அந்தப் பெட்டியை முதலில் எடுக்க வேண்டும். கணக்கு எண்ணை மாற்ற வேண்டுமானால் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் கையெழுத்திட்ட கடிதம் ஆப் கம்பெனிக்குப் போக வேண்டும். எஸ்எம்எஸ் அனுப்பும் சேவையின் ரகசியக் குறியீடுகளும் அப்படித்தான், திரையில் தெரியவே கூடாது.

இன்னொரு வகை உண்டு. பக்கத்தில் இருக்கலாம், ஆனால் கமிட்டி தானாகத் தொடக்கூடாது. ஜிஎஸ்டி அந்த வகை. உறுப்பினர் மாதாந்திரச் சந்தாவுக்கான விலக்கு வரம்பு 2018 ஜனவரி 25 முதல் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாக உயர்ந்தது. 7,500-ஐத் தாண்டினால் முழுத் தொகைக்கும் வரி என்று 2019 ஜூலையில் மத்திய அரசின் சுற்றறிக்கை சொன்னது. தாண்டிய தொகைக்கு மட்டும்தான் வரி என்று 2021 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் வளாகத்தில் 2,100 சதுர அடி வீட்டுக்கு மாதம் 7,875 ரூபாய். 18 சதவீதம் முழுத் தொகைக்கு என்றால் 1,417 ரூபாய் 50 பைசா. கூடுதலான 375 ரூபாய்க்கு மட்டும் என்றால் 67 ரூபாய் 50 பைசா. ஆப்பில் இது ஒரே ஒரு டிக் குறி. அந்த டிக்கை வைப்பதும் எடுப்பதும் ஆடிட்டரின் எழுத்துமூலமான ஆலோசனையின் பேரில்தான் நடக்க வேண்டும். ஆடிட்டரின் கடிதத் தேதி, 'காரணம்' என்ற இடத்தில் பதிவாக வேண்டும்.

பதிவேடு

அதுதான் கடைசியும் முக்கியமானதும். யார், எப்போது, எந்தப் பெட்டி, பழைய எண், புதிய எண், எந்தத் தேதி முதல், என்ன காரணம், எந்தத் தீர்மானம். எட்டு விவரம். இந்தப் பதிவை யாரும் திருத்தவோ அழிக்கவோ முடியக்கூடாது. லெட்ஜரில் ஒயிட்னர் போட்டால் பழைய மேனேஜர்கள் எப்படிக் கத்துவார்கள் என்று பேங்கில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். தப்பான எண்ணை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். அடித்த எண்ணும் படிக்கும்படி இருக்க வேண்டும். செட்டிங்கைப் பழையபடி திருப்பி வைத்தாலும், அதுவும் ஒரு புதிய பதிவாகவே ஏற வேண்டும்.

பதிவேடு என்றதும் யாரையோ பிடிப்பதற்கு என்று சிலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அது அதிகமாகப் பயன்பட்டது நேர்மையானவர்களைக் காப்பாற்றத்தான். என்றைக்கோ போட்ட பதிவுக்கு ஆடிட்டில் கேள்வி வரும்போது, கிளார்க் வவுச்சரை எடுத்து வைப்பார், அதில் ஆபீஸர் கையெழுத்து இருக்கும், விஷயம் முடிந்தது. நம்மிடம் சம்பளம் வாங்காமல் வேலை செய்கிற கமிட்டிக்காரர்களுக்கு அந்தப் பாதுகாப்பைக்கூட நாம் கொடுக்காவிட்டால், அடுத்த தேர்தலில் நிற்க யார் வருவார்கள்?

இரண்டு கேள்விகள்

"186 வீட்டுக்கு இத்தனை கெடுபிடியா?" என்று ஒருவர் கேட்டார். கடந்த பன்னிரண்டு மாத மினிட்ஸைப் புரட்டினேன். ஆப்பில் எண் மாற்ற வேண்டிய முடிவுகள் மொத்தம் ஒன்பது. ஒரு மாற்றத்துக்குப் பத்து நிமிடம் என்றாலும் வருடத்துக்கு ஒன்றரை மணி நேரம். ஜூலைச் சண்டைக்கு நாம் செலவழித்த நேரத்தில் பத்து வருடம் ஓட்டிவிடலாம்.

"அவசரம் என்றால் என்ன செய்வது?" என்று இன்னொருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ராத்திரி கேட்டில் ஆம்புலன்ஸ் நிற்கும்போது விருந்தினர் அனுமதி நேரத்தை மாற்ற இரண்டாவது ஆளைத் தேட முடியாது. பாதுகாப்பு, உயிர் சம்பந்தப்பட்ட செட்டிங்கை ஒருவரே மாற்றலாம். 24 மணி நேரத்துக்குள் இன்னொருவர் பார்த்து ஒப்பமிட வேண்டும். பணம் சம்பந்தப்பட்டதில் இந்தச் சலுகை கிடையாது. பில்லில் அவசரம் என்று ஒன்று இல்லை.

ஆகவே, கமிட்டியின் சார்பில் செயலாளர் இப்போது வாசிக்கப்போகும் தீர்மானத்தின் சாரம் இது. நாளை முதல் ஆளுக்கொரு லாகின். பணம் சம்பந்தப்பட்ட எந்த எண்ணும் தீர்மான எண் இல்லாமல் மாறாது, நோட்டீஸ் போர்டில் ஏழு நாள் முன்னதாக ஒட்டப்படாமல் அமலாகாது. ஆப் பார்க்காத பெரியவர்களுக்கும் தெரிய வேண்டுமே. பில் போடும் நாட்களான 25-ஆம் தேதியிலிருந்து 1-ஆம் தேதி வரை செட்டிங்ஸ் பக்கத்தைத் தொடுவதில்லை. வங்கிக் கணக்கு எண் அந்தப் பக்கத்திலிருந்து நீக்கப்படும். அமலாகும் தேதி, எண் எல்லை, மாற்றப் பதிவு ஆகியவற்றைக் கேட்டு ஆப் கம்பெனிக்குக் கடிதம் போகும்.

அந்த வசதிகள் வரும்வரை, சங்க அலுவலகத்தில் ஒரு நீளநோட்டு இருக்கும். பக்கங்களுக்கு எண் போட்டு, எட்டு கட்டம் கோடு கிழித்துக் கொடுத்திருக்கிறேன். மாற்றுகிறவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், இன்னொருவர் திரையைப் பார்த்து ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். குடியிருப்போர் யார் வேண்டுமானாலும் அலுவலக நேரத்தில் வந்து புரட்டிப் பார்க்கலாம். முதல் வரியில் எழுத வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது: ஹால் ரத்து முன்னறிவிப்பு, 15-லிருந்து 5 நாள், ஜூன் கமிட்டித் தீர்மானப்படி. இன்று கூட்டம் முடிந்ததும் செயலாளரும் துணைச் செயலாளரும் அதைச் செய்துவிடுவார்கள்.

தீர்மானத்தைக் கேட்டு, சந்தேகம் இருந்தால் கேட்டுத் தெளிந்து, கை தூக்குங்கள்.